பெட்டி நிறையக் காற்று, ஓரத்தில் ஒரு விமானம்

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று மாலை, அக்கா மகன் கதிர் ஒரு பெரிய பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மாடி ஏறி வந்தான். பத்தாவது படிக்கிறான். ஸ்கேல் மாடல் பைத்தியம், அதாவது நிஜ விமானத்தையும் கப்பலையும் அளவு குறைத்துப் பிளாஸ்டிக் பாகங்களால் ஒட்டிக் கட்டுகிற பைத்தியம், என்னிடமிருந்துதான் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. அதற்காக அக்கா என்னை இன்னும் மன்னித்தபாடில்லை. பொங்கல் காசு, பிறந்த நாள் காசு, தாத்தா அவ்வப்போது கையில் திணித்தது எல்லாம் சேர்த்து, சென்னையில் ஒரு கடையில் 2,499 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தான். ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானத்தின் கிட், 1/72, அதாவது நிஜ நீளத்தில் 72இல் ஒரு பங்கு. 1944இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப் படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஓட்டிய விமானம் என்பதால், ஒரு வருடமாகவே அவனுக்கு அதன்மேல் ஒரு கண்.

கூடத்திலிருந்து பாட்டி கேட்டார்: “என்னடா அது?”

“ஹரிக்கேன், பாட்டி.”

“அரிக்கேன் விளக்கா? அதுக்கா இம்மாம் பெரிய பொட்டி?”

விளக்கு என்று நினைத்தது தவறுதான். பெட்டியைப் பற்றிக் கேட்டது எவ்வளவு சரி என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

மூடியில் பிரமாதமான ஓவியம். பச்சைப் பசேலென்ற பர்மா மலைகள், கீழே ஆறு, இறக்கையிலிருந்து நான்கு பீரங்கிக் குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கச் சரிந்து இறங்கும் ஹரிக்கேன். வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இல்லை. ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டம் என்று நம்மவர்களே குழம்பிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். வரைந்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஓவியத்தில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டியைக் கையில் வாங்கியதும் பழக்க தோஷத்தில் லேசாக ஆட்டினேன். உள்ளே ஏதோ ஒன்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடி, சுவரில் மோதி நின்றது. நல்ல கிட் இப்படி ஓடாது. கதிர் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

ஷ்ரிங்க் கவரைக் கிழித்து மூடியைத் தூக்கினான். வெள்ளை அட்டையில் மடித்துச் செய்த ஒரு மேடை. மேடைக்கு ஒரு பக்கம் காலி. மறு பக்கம் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறச் சின்னச் சட்டங்கள் மூன்று, கண்ணாடிபோல் ஒரு கேனபி (விமானி அறையின் மூடி), டீகால் தாள் (ஒட்டுகிற சின்னங்கள்). அடியில் நான்காக மடித்த விளக்கத் தாள் ஒன்று. அவ்வளவுதான். அவன் மேடையைத் தூக்கி அடியில் தேடினான்.

“மாமா, இதுக்குள்ள இன்னொரு பெட்டி இருக்கும்னு நெனச்சேன்.”

கேனபியில் நெடுக ஒரு விரிசல்.

அளந்து பார்த்தது

கோபம் ஆறுவதற்கு அளப்பதைப்போல நல்ல வழி கிடையாது. அவனையே ஸ்கேலும் சமையலறைத் தராசும் எடுத்துவரச் சொன்னேன்.

பெட்டி 38 செ.மீ. நீளம், 24 அகலம், 7 உயரம். கொள்ளளவு 6,384 கன செ.மீ. பாகங்கள் இருந்த பையை அழுத்தாமல் அளந்தால் 21க்கு 14க்கு 3, அதாவது 882. பெட்டியில் நூற்றுக்கு 14 பங்குதான் பொருள், மீதி 86 காற்று. இதையும்கூடத் தாராளமாகத்தான் கணக்கிட்டிருக்கிறோம், ஏனென்றால் சட்டங்களுக்கு இடையிலும் காற்றுதான். தராசில் வைத்தபோது எல்லாம் சேர்ந்து 298 கிராம். பெட்டி 190, உள்மேடை 30, விளக்கத் தாளும் டீகாலும் 20. பிளாஸ்டிக் 58. அட்டையின் எடை பிளாஸ்டிக்கின் எடையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பாலிஸ்டைரின் ஒரு கன செ.மீ.க்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். ஆக, இந்த 58 கிராமை உருக்கி ஊற்றினால் ஒரு சின்னக் காபி டம்ளர்கூட நிரம்பாது.

ஒப்பிட்டுப் பார்க்க என் அலமாரியிலிருந்து அதே அளவுகோலில் வேறொரு போர் விமானக் கிட்டை எடுத்தேன். பெட்டி 25க்கு 15க்கு 4. பிளாஸ்டிக் 62 கிராம். கொள்ளளவில் இந்தப் பெட்டி அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

இன்னொன்றையும் கதிரே அளந்தான். மூடி ஓவியத்தில் இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 31 செ.மீ. நிஜ ஹரிக்கேனின் இறக்கை 12.19 மீட்டர். 72ஆல் வகுத்தால் 16.9 செ.மீ. அதாவது, கட்டி முடித்த விமானம் படத்தில் உள்ள விமானத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. படத்தில் இருக்கும் அளவுக்கு விமானம் வேண்டுமென்றால் அளவுகோல் சுமார் 1/39 ஆக இருக்க வேண்டும். அப்படி ஓர் அளவுகோலை யாரும் விற்பதில்லை.

ஏமாந்தது ஏன் என்று அவனிடம் துருவிக் கேட்டேன். அவனுடைய முந்தைய கிட் 1/48. அதன் பெட்டியும் ஏறக்குறைய இதே பருமன். “போன தடவை மாதிரியே இருக்கும்னு நெனச்சேன். போதாததுக்கு, 72ன்னா 48ஐ விடப் பெருசுதானே?” இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழையும் எல்லோரும் ஒரு முறை விழுகிற பள்ளம் இது. கீழே உள்ள எண் ஏற ஏற மாடல் சுருங்கும். அதுவும் நீளம் மட்டும் சுருங்குவதில்லை. 1/48இல் 25 செ.மீ. இருக்கும் இறக்கை 1/72இல் 17 ஆகும். ஒன்றரை மடங்குதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் கைக்குத் தெரிவது பருமன். அது மூன்று மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. 1/72இலிருந்து 1/144க்குப் போனால் எட்டில் ஒன்று. இந்தக் கணக்கு கண்ணுக்கு வராது, பெட்டியின் பருமன் வரும். கடையில் வாங்குகிறவன் பெட்டியைத்தான் தூக்கிப் பார்க்கிறான்.

பழைய கள், புது மொந்தை

காற்று மட்டும் என்றால் ஒரு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பேன். சட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது.

விமான உடலின் தகடுகள் சேருமிடங்கள் எல்லாம் மேலே எழும்பிய கோடுகளாக இருந்தன. பாகங்களை வார்த்தெடுக்கும் அச்சு பல பத்தாண்டுகளுக்கு முந்தையது என்பதன் அடையாளம் இது. இப்போது செய்கிற அச்சுகளில் கோடுகள் உள்ளே குடைந்திருக்கும். பாகங்களின் ஓரங்களில் பிசிறு. அச்சின் இரு பாதிகளும் தேய்ந்து, மூடும்போது இடைவெளி விட்டால்தான் பிளாஸ்டிக் இப்படி ஓரத்தில் கசியும். இடது இறக்கையின் உட்புறத்தில், கட்டிய பிறகு யாரும் பார்க்க முடியாத இடத்தில், ஒரு சிறிய செவ்வகத் திட்டு. அங்கே ஏதோ பெயர் இருந்து, அச்சிலேயே சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பெயரை எடுத்தவர்கள் ஆண்டை எடுக்க மறந்துவிட்டார்கள்: 1978.

கதிரின் அம்மாவே அப்போது பிறந்திருக்கவில்லை.

அச்சு கைமாறுவதில் ரகசியமோ குற்றமோ இல்லை. எஃகில் செய்த அச்சு செலவு பிடித்தது, பல்லாண்டு உழைக்கும். ஒரு கம்பெனி மூடினால் இன்னொன்று வாங்கிக்கொள்ளும். மேட்ச்பாக்ஸ் கம்பெனியின் பழைய அச்சுகளிலிருந்து ரெவெல் கம்பெனி நெடுங்காலமாகக் கிட் போட்டுக்கொண்டிருப்பது ஊரறிந்த விஷயம். அவற்றைத் தேடி வாங்கும் ஆட்களும் உண்டு, நானும் அதில் ஒருவன். சிறுவயதில் கட்டியதை மறுபடி கட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் தேடினால் எந்த அச்சு எந்தப் பெட்டியில் எந்த ஆண்டு வந்தது என்று வம்சாவளியே கிடைக்கும். ஆனால் பெட்டியில் அந்த வம்சாவளி இருக்காது. புது ஓவியம், புது வண்ணம், புது விலை.

இந்தக் கிட்டில் அதன் விளைவு இன்னும் ஒரு படி மேலே போனது. ஓவியத்தில் நான்கு பீரங்கி என்றேன் அல்லவா? அது ஹரிக்கேனின் இரண்டு சி ரகம். உள்ளே இருந்த இறக்கையில் எட்டு இயந்திரத் துப்பாக்கிக்கான எட்டு ஓட்டைகள்; அது முதல் ரகத்து இறக்கை. பழைய அச்சோடு நான்கு குழல்கள் மட்டும் உள்ள ஒரு துண்டுச் சட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஓட்டைகளைப் புட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டு, குழலை நீங்களே குத்துமதிப்பாக ஒட்டிக்கொள்ளலாம். எங்கே ஒட்டுவது என்பதற்கு விளக்கத் தாளில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. அது காட்டும் இடம் தவறு.

பெட்டி ஏன் பெரிதாகிறது

இந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று பெட்டியே இல்லாமல்தான் பிழைக்கத் தொடங்கியது என்பது வேடிக்கை. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1952இல் உல்வொர்த்ஸ் கடைகளுக்காகக் கோல்டன் ஹைண்ட் கப்பல் கிட்டைப் போட்டபோது, இரண்டு ஷில்லிங்குக்கு விற்றாக வேண்டும் என்பதால் பெட்டியைத் துறந்து பிளாஸ்டிக் பையில் அடைத்து, மேலே மடித்த தாள் ஒன்றைக் குத்திக் கொடுத்தார்கள். பட்டாணிப் பொட்டலம் மாதிரி. வாங்குகிற பையன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இறக்கை எது, பாய்மரம் எது என்று எண்ணிக்கொள்ளலாம். மறைக்க இடமே இல்லை. பிறகு 1970களில் பை போய், உள்ளே இருப்பது தெரிகிற பிளிஸ்டர் உறை வந்தது, அதன்பின் பெட்டி.

கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், கதை நேர் எதிர். அங்கே முதலில் பெட்டி, பிறகுதான் மாடல். 1950களில் ரெவெல் போன்ற கம்பெனிகள் ஒருசில நிலையான பெட்டி அளவுகளை வைத்துக்கொண்டு, அதில் அடங்குமாறு விமானத்தையும் கப்பலையும் சுருக்கின. 1953இல் வந்த மிசௌரி போர்க்கப்பல் 1/535. பி-36 குண்டுவீச்சு விமானம் 1/184, பி-47 விமானம் 1/113. இந்த எண்களுக்கு வேறு எந்த நியாயமும் கிடையாது. நிஜத்தில் பி-36இன் இறக்கை 70 மீட்டர், பி-47க்கு அதில் பாதி. கிட்டில் ஒன்று 38 செ.மீ., மற்றது 31. கால் நீண்டால் வெட்டி, குட்டையானால் இழுத்து, கட்டிலுக்கு ஏற்ப ஆளைச் சரிசெய்த கதைதான். ஆங்கிலத்தில் இதைப் ‘பாக்ஸ் ஸ்கேல்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் ஒரு நன்மை இருந்தது, இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது: பெட்டியின் பருமனைப் பார்த்து உள்ளே இருப்பதன் பருமனை நம்பலாம்.

அளவுகோல் 1/72, 1/48, 1/35 என்று நிலைபெற்ற பிறகு அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போய்விட்டது. (1/35 வந்த கதையும் விசித்திரமானதே. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்ததில் வந்த அளவு அது. அந்தப் பெட்டிக்குள் மோட்டாரும் பல்சக்கரமும் வேறு இருந்ததால் பெட்டி பெரிதாக இருந்ததற்குக் காரணம் இருந்தது.) இப்போது மாடலின் அளவை அளவுகோல் தீர்மானிக்கிறது, பெட்டியின் அளவைக் கடை அலமாரி தீர்மானிக்கிறது. மூடியின் பரப்புதான் விளம்பரப் பலகை. ஒரு கம்பெனி இருபது கிட்டுக்கும் ஒரே அளவுப் பெட்டி என்று வைத்துக்கொண்டால் அட்டை வெட்டும் டை ஒன்று போதும், அட்டைப் பெட்டிகளை அடுக்குவதும் எளிது. அதனால் அந்த இருபதில் பெரிய விமானத்துக்குப் பொருந்துகிற பெட்டியே சின்னதற்கும் வந்து சேர்கிறது.

நியாயமான காரணங்களும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெயின்ட், பசை, தூரிகை எல்லாம் சேர்த்து வரும் தொடக்கநிலை செட்டுகளுக்குப் பெரிய பெட்டி தேவைதான். நீளமான கப்பல் உடலை வளைக்க முடியாது. பாகங்கள் அழுந்தாமல் இருக்கக் கொஞ்சம் காற்றும் வேண்டும். ஆனால் பாதுகாப்புக்குத்தான் காற்று என்கிற வாதம் இந்தப் பெட்டியில் எடுபடாது. பை கிடந்து உருண்டதால்தான் கேனபி விரிசல் விட்டது. இடம் குறைந்திருந்தால் பிழைத்திருக்கும்.

காற்று இலவசமும் இல்லை. கடல் சரக்கில், முழுக் கன்டெய்னர் எடுக்காத பகுதிச் சரக்குக்குக் கன மீட்டர் கணக்கில்தான் வாடகை. இந்தப் பெட்டிகளில் 156தான் ஒரு கன மீட்டருக்குள் வரும்; என் அலமாரிப் பெட்டி என்றால் 666. இந்தியச் சுங்கம் பொருளின் விலையோடு வாடகையையும் காப்பீட்டையும் கூட்டித்தான் வரி போடும். அந்த வரியும் சின்னது அல்ல. சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடலும் பொம்மையும் ஒரே தலைப்பு, 9503. பொம்மைத் தீர்வை 20 சதவீதமாக இருந்தது 2020 பட்ஜெட்டில் 60 ஆனது, 2023இல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றச் செய்தது. அதில் பர்மாப் போர்முனை ஹரிக்கேனும் மாட்டிக்கொண்டது. ஆக, கதிர் கொடுத்த 2,499 ரூபாயில் காற்றுக்கு வாடகையும், அந்த வாடகைக்குச் சுங்கமும் அடக்கம்.

தென் கொரியாவில் இதற்கென்றே விதி இருக்கிறது. எந்தப் பொருளின் பொதியில் எத்தனை சதவீதம் வெற்றிடம் இருக்கலாம் என்று வகை வகையாகச் சொல்கிறார்கள், பொம்மைக்கு 35. நம் பெட்டியின் 86ஐ அங்கே விற்க முடியாது. அந்த ஊரிலும் விதி இருந்தால் போதும் என்று மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2014 செப்டம்பரில் கல்லூரி மாணவர்கள் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் டேப் போட்டு ஒட்டிப் படகு செய்து, அதில் ஏறித் துடுப்புப் போட்டு சியோலின் ஹான் நதியைக் கடந்து காட்டினார்கள். பாக்கெட்டில் இருப்பது சிப்ஸா காற்றா என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய பொதிச் சட்டத்தில் கை வைத்திருக்கிறது: 2030 முதல் இணைய வணிகப் பெட்டிகளிலும் போக்குவரத்துப் பெட்டிகளிலும் பாதிக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது, பருமனைக் கூட்டிக்காட்டும் பொய் அடித்தட்டு, இரட்டைச் சுவர் போன்ற வேலைகளும் கூடாது.

ஸ்டிக்கருக்கு அடியில்

இனி நம் ஊர்ச் சட்டம். இறக்குமதிப் பொருளில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரை எல்லோரும் பார்த்திருப்போம், யாரும் படிப்பதில்லை. சட்டமுறை எடையளவு பொதிந்த பொருட்கள் விதிகள் 2011இன்படி ஒட்டுவது அது. இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, நிகர அளவு. கதிரின் பெட்டியில் நிகர அளவு என்ற இடத்தில் ‘1 என்’ என்று இருந்தது. என் என்றால் எண்ணிக்கை. ஒன்று. அரிசி என்றால் கிலோ, எண்ணெய் என்றால் லிட்டர், மாடல் கிட் என்றால் ஒன்று. பெட்டிக்குள் 58 கிராம் இருந்தாலும் ஒன்று, 580 கிராம் இருந்தாலும் ஒன்று. ஒன்று என்று சொல்லி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் அதே விதிகளில் 6ஆம் விதியின் முதல் உட்பிரிவில் இன்னொரு வரி உண்டு. பொருளின் பரிமாணம் வாங்குவதற்கு முக்கியமானது என்றால், பொதியினுள் இருக்கும் பொருளின் நீள அகலத்தைக் குறிப்பிட வேண்டும். படுக்கை விரிப்பின் உறையில் அளவு போட்டிருப்பது அதனால்தான். ஸ்கேல் மாடலில் பரிமாணத்தைவிட முக்கியமானது எதுவும் இருக்கிறதா? பெயரே ஸ்கேலில்தானே தொடங்குகிறது. இந்த விதியை மாடல் கிட்டுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரரிடம் நான் இதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சார், 1/72ன்னு பெருசா போட்டிருக்கே. சீல் வேற உடைச்சாச்சு.” இரண்டும் உண்மை.

வீட்டுக்கு வந்து, புகாருக்குப் படம் எடுக்கலாம் என்று பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பியபோது ஸ்டிக்கரின் ஓரத்தில் ஏதோ அச்சு எட்டிப் பார்த்தது. அக்காவின் ஹேர் டிரையரை இரண்டு நிமிடம் காட்டினோம். பசை இளகியது, ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில், கம்பெனியே அச்சடித்த ஒரு சின்னக் கட்டம்: நீளம் 136 மி.மீ., இறக்கை 169 மி.மீ., பாகங்கள் 41. பக்கத்தில் விமானத்தின் ஒரு நிழலுருவம், மேலே கட்டி முடித்த மாடலின் தபால்தலை அளவுப் புகைப்படம். அந்தப் புகைப்படத்தில் இறக்கையின் எட்டு ஓட்டைகள்கூடத் தெரிந்தன.

ஏர்ஃபிக்ஸ், ரெவெல் போன்ற பல கம்பெனிகள் இந்த விவரங்களைப் பெட்டியின் ஓரத்தில் அச்சிடுவது வழக்கம்தான். இந்தக் கம்பெனியும் போட்டிருக்கிறது. வாங்குகிறவருக்கு விவரம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டம் கேட்ட ஸ்டிக்கர், வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியிருந்த ஒரே விவரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கிடங்கில் யாரோ ஒருவர் நாளுக்கு நூற்றுக்கணக்கில் ஒட்டுகிறார். ஓவியத்தின் மேல் ஒட்டாதே என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். ஓவியம் தப்பித்தது.

கம்பெனியின் மேல் இருந்த என் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி அந்த அட்டை மேடைக்காகவும் இறக்கைக்காகவும் அப்படியே இருக்கிறது.

புகார்

நண்பர்களிடம் கேட்டதில் பழைய கைகள் எல்லோரும் ஒரே குரலில், “பெட்டியைப் பார்த்து வாங்கினா அப்படித்தான், ஸ்கேலைப் பார்க்கணும்” என்றார்கள். இதே ஆட்கள் என்னோடு சேர்ந்து பிளிஸ்டர் உறையில் முகத்தைப் பதித்துப் பாகம் எண்ணியவர்கள்தான். அனுபவம் உள்ளவனுக்கு எண் போதும். புதிதாக வருகிறவனுக்குப் பெட்டிதான் மொழி. அந்த மொழியில்தானே அவனிடம் பேசுகிறார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் காற்று என்ற ஒரே புகாரோடு போனால் நிற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம். 1/72 என்று முன்பக்கத்தில் இருக்கிறது, எதிர்த்தரப்பு அதைத்தான் காட்டும். பீரங்கி இறக்கை வேறு விஷயம். படத்தில் ஒரு ரகம், பெட்டிக்குள் வேறு ரகம் என்பதைக் காட்ட ஓட்டைகளை எண்ணினாலே போதும். விரிசல் விட்ட கேனபி அதைவிடச் சுலபம். அதனால் கதிரையே கடிதம் எழுத வைத்தேன். அளந்த எண்கள், புகைப்படங்கள், உரித்த ஸ்டிக்கர், ஓட்டைகள், விரிசல். மூன்று கோரிக்கைகள்: புது கேனபி வேண்டும்; சரியான இறக்கையோ பணமோ வேண்டும்; இனி ஸ்டிக்கரை வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். மூன்றாவது அவனாகவே சேர்த்தது.

இறக்குமதியாளரிடமிருந்து ஐந்தாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில். அறிவிக்கப்பட்ட நிகர அளவான 1 எண்ணிக்கை வழங்கப்பட்டுள்ளது. மூடி ஓவியம் விளக்கத்துக்காக மட்டுமே. கேனபி சேதம் குறித்து வருந்துகிறோம். கிட்டை முழுமையாக, அதன் அசல் பெட்டியிலேயே வைத்து, தங்கள் செலவில் அனுப்பினால் ஆய்வு செய்து மாற்றித் தருவோம். ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் தெருமுனை கூரியர் கடைக்குப் போனோம். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்து, பை உருளாமல் இருக்க இந்த முறை நாங்களே பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் சுற்றிலும் அடைத்திருந்தோம். முழு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரும் தேவைப்பட்டது. கடைப் பையன் பெட்டியைத் தராசில் வைத்தான். பேப்பரோடு அரைக் கிலோகூட வரவில்லை. பிறகு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கி 5,000ஆல் வகுத்தான்.

“1.28 வருது சார். ஒன்றரைக் கிலோ ஸ்லாப்.”

“வெயிட் அரைக் கிலோதானே தம்பி?”

“வெயிட் அவ்ளோதான் சார். ஆனா பொட்டி பெருசு. வால்யூம் எதுவோ அதுக்குத்தான் பில்லு.”

கதிர் என்னைப் பார்த்தான். நான் கூரை விசிறியைப் பார்த்தேன். அவன் பெட்டியைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்து, திரும்ப நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். விரிசலில் ஃப்ளோர் பாலிஷ் ஒரு கோட் கொடுத்தால் பாதி மறையும் என்று சொல்லிக்கொண்டே வீடு வந்தோம். இறக்கையின் எட்டு ஓட்டைகளில் ஐந்துக்குப் புட்டி வைத்தாகிவிட்டது.